கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆறு சாய ரிப்போர்ட்: எதை நம்பலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

கோவையில் ஒரு தனியார் பேத்தாலஜி லேப், கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய்க்கு ஆறு சாயங்களை (சதையில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று காட்டுபவை) ஒரே தொகுப்பாகப் போட்டு ரிப்போர்ட் தருகிறது: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பி53 (செல் கட்டுமீறி வளராமல் தடுக்கும் புரதம்), சிடி8 (கட்டியைத் தாக்கும் டி செல்களின் அடையாளப் புரதம்). ஈரோடு, கரூர், பொள்ளாச்சி ஆஸ்பத்திரிகளின் சதையையும் வாங்கிக்கொள்கிறார்கள். முதல் ஐந்துக்கும் தாராளமாக அனுப்பலாம். சிடி8 பகுதி இன்னும் தேற வேண்டும்.

முதல் நான்கும் டிஎன்ஏ நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்தும் புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரி. கூடவே, பக்கத்து நல்ல செல் சாயம் பிடித்ததா என்ற குறிப்பு. அந்தக் குறிப்புதான் ரிப்போர்ட்டின் உயிர். ஸ்லைடில் கட்டியின் சுரப்பிகள் வெறும் நீலமாகவும், நடுவே நுழைந்திருக்கும் லிம்போசைட்டுகளின் (நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள்) கரு பழுப்பாகவும் தெரிந்தால், கட்டியில் புரதம் இல்லை என்று துணிந்து சொல்லலாம். இரண்டுமே நீலமென்றால் சாயம் பிடிக்கவில்லை. திரும்பப் போட வேண்டும். எம்எல்எச்1 இல்லாவிட்டால் மெத்திலேஷன் (ஜீன் வேதிமாற்றத்தால் அணைந்திருப்பது) பார்க்கவும், மெத்திலேஷன் இல்லையென்றால் லிஞ்ச் சிண்ட்ரோமுக்கு (புற்றுநோய் அபாயம் பரம்பரையாக வரும் நிலை) மரபணு டெஸ்ட் எடுக்கவும் எழுதித் தருகிறார்கள். அக்கா, தங்கை, மகள்களுக்கும் உதவும் தகவல் இது.

சிடி8-க்கு வந்தால், 'லிம்போசைட்டுகள் காணப்படுகின்றன' என்று ஒற்றை வரி. கட்டிக்குள் சிடி8 டி செல்கள் (ஒரு வகை லிம்போசைட்) நிறைய உள்ள பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவை எங்கே நிற்கின்றன என்று தெரிய வேண்டாமா? சுரப்பிச் செல்களுக்கு இடையிலா, சுற்றியுள்ள ஸ்ட்ரோமா என்ற தாங்கு திசுவிலா, தசைக்குள் கட்டி முன்னேறும் விளிம்பிலா? நல்ல உள்சவ்விலேயே லிம்போசைட் கூட்டம் இயல்பாக உண்டு; அதையும் சேர்த்து எண்ணினால் கணக்கு கெட்டுப்போகும். சுரண்டி எடுத்த சதையில் அந்த விளிம்பு வராது, முழுக் கர்ப்பப்பை வேண்டும்.

எண்ணிக்கையைத் தனியாகவும் படிக்கக் கூடாது. திருத்தும் புரதம் போன கட்டியிலும், போல்ஈ என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் ஜீனில் மாற்றம் உள்ள கட்டியிலும் மரபுப் பிழைகள் குவிந்து புதுப் புதுப் புரதத் துணுக்குகள் உண்டாகின்றன. அவற்றை அந்நியமாகக் கண்டு டி செல்கள் திரள்கின்றன. 2013-இல் டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணு ஆய்வுத் திட்டம் பிரித்த நான்கு வகைகளில் போல்ஈ வகைக்குத்தான் ஆயுள் அதிகம். பி53 கெட்டவற்றுக்குக் குறைவு. ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் 2023 ஸ்டேஜிங்கும் இதைக் கணக்கில் எடுக்கிறது. போல்ஈயை இந்தச் சாயங்கள் காட்டாது, டிஎன்ஏ சீக்வென்சிங் வேண்டும். 'போல்ஈ பார்க்கவில்லை' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி அவசியம்; இப்போது இல்லை.

லேப் தரும் டப்பா சுரண்டல் சதைக்குச் சரி, கர்ப்பப்பைக்குப் பற்றாது. ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். பிளக்காமல் திணித்துச் சித்திரை வெயிலில் ஈரோட்டிலிருந்து பஸ் பார்சலில் போட்டால், ஃபார்மலின் சேரும் முன்பே உள்சவ்வு கெட்டுச் சாயம் திட்டுத்திட்டாக விழும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாகப் பிளந்து, சதையைப்போல் 10 மடங்கு அளவு 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், அகல வாய் டப்பாவில் போடுங்கள். ஊறல் 6 முதல் 72 மணி நேரம். படிவத்தில் சதை எடுத்த நேரத்துக்குக் கட்டமே இல்லை; ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். முன்பே சுரண்டல் சதை எடுத்திருந்தால் புரதச் சாயங்களுக்கு அதைப் பதித்த மெழுகு பிளாக்கே மேல். அது சீக்கிரம், முழுக்க ஊறியிருக்கும்.

மெழுகு பிளாக்கை ரிப்போர்ட்டோடு கேட்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பின்னால் போல்ஈ பார்க்கவும், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஊசி பற்றி டாக்டர் யோசிக்கும்போது திரும்பச் சோதிக்கவும் அதுதான் வேண்டும்.