பாலைச் செடிப் படங்களுக்கு டார்க்டேபிள்: ரோஹிடாவின் ஆரஞ்சில்தான் சோதனை

எருக்கிலையை நெல்வயல் பச்சையாக்கிவிடுவதுதான் எடிட்டிங் மென்பொருள்களின் முதல் குற்றம். தார் பாலையில் எருக்கோ வன்னியோ கள்ளியோ, எதுவும் பளிச்சென்ற பச்சை கிடையாது. எருக்கிலையின் மேல் மாவு தூவினாற்போல ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். விரலால் தேய்த்தால் போய்விடும். அந்தச் சாம்பல் பூத்த பச்சை படத்தில் நிற்கிறதா என்பதை வைத்துத்தான் இங்கே டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளுக்கு மதிப்பெண். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது, மாதச் சந்தாவும் இல்லை. இலவசம் என்பதற்காக மட்டும் இதைப் பரிந்துரைக்கவில்லை.

முதலில் மணல். ஃபிரேமில் பாதி மணலாக இருந்தால் நிறச் சமநிலையைக் கேமரா தானே கணிக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் செம்மஞ்சளை விளக்கின் நிறமென்று எண்ணிக் குளிரவைத்துவிடும். செடி நீலம் பாயும். டார்க்டேபிளின் 'கலர் காலிபிரேஷன்' பகுதியில் படத்தின் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை நடுநிலை நிறமாகக் கொள்ளச் சொல்லலாம். பலர் மணலையே தேர்ந்தெடுத்து இதே தவற்றைக் கையாலும் செய்கிறார்கள். படப்பிடிப்பின்போதே செடிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு ஃபிரேம் எடுத்துவிட வேண்டும்; வீட்டில் அந்த அட்டையைத் தேர்ந்தெடுத்து, அமைப்பை மற்றப் படங்களுக்கு நகலெடுத்தால் போதும். வெயிலில் பாதி, நிழலில் பாதி நிற்கும் செடியென்றால் நிழல் பக்கம் வானத்து நீலத்தை வாங்கியிருக்கும். அதற்கு இதே பகுதியை இன்னொரு முறை திறந்து, நிழலுக்கு மட்டும் மாஸ்க் (திருத்தம் படவேண்டிய இடத்தின் எல்லை) வரைந்து தனியாகச் சரிசெய்யலாம். இந்த மென்பொருளை மெச்ச இது ஒன்றே போதும்.

பச்சைக்கு வருவோம். 2024-இல் 4.8 பதிப்போடு வந்த, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக மாற்றும் 'கலர் ஈக்வலைசர்' இங்கே நல்ல கருவி, ஒரு சூட்சுமம் தெரிந்தால். கள்ளியின் தண்டும் வன்னியின் இலையும் கண்ணுக்குத்தான் பச்சை. கேமரா பதிவுசெய்த மூலத் தரவான ரா ஃபைலில் பெரும்பகுதி மஞ்சள் பட்டையில் உட்கார்ந்திருக்கும். பச்சைப் புள்ளியை எவ்வளவு இழுத்தாலும் செடி லேசாகத்தான் அசையும். 'வேலை செய்யவில்லையே' என்று இன்னும் இழுத்தால் பின்னணிப் புல் பொங்கிவிடும். மஞ்சள் புள்ளியைத் தொட வேண்டும். செறிவை 10 முதல் 15 சதவீதம் குறைத்தாலே சாம்பல் திரும்பி வரும். மணலும் அதே பட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் செடியைச் சுற்றி மாஸ்க் வரையாமல் இதைச் செய்யக்கூடாது.

இனி ரோஹிடா. ராஜஸ்தானின் மாநில மலர். மரத்துக்கு மரம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பூக்கும். ஆகவே எடிட்டிங்கில் நிறம் நகர்ந்தால் அழகு கெடுவதோடு தகவலும் தப்பாகும். சிவப்புச் சேனல் மற்ற இரண்டுக்கும் முன்பே நிரம்பிவிடுவதுதான் சிக்கல். கேமராவின் வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) 'சரி' என்று காட்டும்போதே இதழின் மடிப்புகள் மறைந்து ஒரே பூச்சாகியிருக்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்து எடுக்கலாம். (மணல் நிறைந்த பரந்த காட்சிக்கு நேர்மாறு: மீட்டர் மணலைச் சாம்பலாக எண்ணி இருட்டாக்கும், முக்கால் ஸ்டாப் கூட்ட வேண்டும்.)

டார்க்டேபிள் இங்கேதான் புதியவரைக் குழப்பும். கேமராவில் குறைத்த எக்ஸ்போஷரை அது தானாகவே ஈடுகட்டிவிடும். அதற்குமேல் தன் வழக்கப்படி 0.7 ஸ்டாப்பும் கூட்டும். கவனமாகக் குறைத்து எடுத்த பூ, திறந்ததும் வெளிறித் தெரியும். ரா ஃபைலில் எதுவும் போகவில்லை; எக்ஸ்போஷர் பகுதியில் அந்த ஈடுகட்டும் டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். உண்மையிலேயே எரிந்துவிட்டதா என்று பார்க்க, கீழ்ப்பட்டையில் ரா அளவிலேயே நிரம்பிய இடங்களைக் காட்டும் பொத்தான் உண்டு. சந்தாக்காரர்களின் மென்பொருள் சிலவற்றிலும் இல்லாத வசதி.

டோனுக்கு, அதாவது படத்தின் வெளிச்சத்தையும் இருளையும் திரைக்கேற்ப அடக்க, டார்க்டேபிளின் 'ஃபில்மிக்' பகுதியைவிட 'சிக்மாய்ட்' பகுதி ரோஹிடாவுக்கு ஏற்றது. அதில் நிறத்தைக் காக்கும் அளவு 100-இல் இருந்தால் ஆரஞ்சின் வெளிச்சப் பகுதி லேசாக ரோஜாப் பக்கம் போகும். 0-இல் இருந்தால் தீக்கொழுந்து மாதிரி மஞ்சளாகும். இடையில் 60, 70 வாக்கில் நிறுத்தி, நிழலில் இருக்கும் இதழின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

முள்ளுக்கு எச்சரிக்கை. ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டை அடிவாரத்திலுள்ள ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவில் எரிமலைப் பாறை இடுக்குகளில் நிற்கும் 'தோர்' கள்ளியில் முட்கள் இரண்டிரண்டாக முளைத்திருக்கும். வானத்தை எதிர்த்து நிற்கும் அந்த முட்களில் சாதாரண 'ஷார்ப்பன்' போட்டால் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை ஓரம் கட்டிவிடும். அதற்குப் பதில் 'டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன்' பகுதியில் லென்ஸ் மங்கலைச் சரிசெய்யும் மென்மையான முன்னமைப்பு போதும். ஊதா ஓரம் தெரிந்தால் அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது; ஷார்ப்பன் செய்வதற்கு முன் அதை முடிக்க வேண்டும். ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் இந்த டிஃப்யூஸ் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஸ்லைடரை நகர்த்திவிட்டு டீ போட்டு வரலாம்.

பெரிய குறை ஃபோகஸ் ஸ்டாக்கிங், அதாவது வெவ்வேறு இடத்தில் ஃபோகஸ் வைத்த பல ஃபிரேம்களை ஒரே கூர்மையான படமாக இணைப்பது. டார்க்டேபிளில் அது இல்லை. 100 மிமீ மேக்ரோவில் எஃப்/8 வைத்தாலும் ஒரு கள்ளித் தண்டு முழுவதும் கூர்மையாக வராது. 15 முதல் 25 ஃபிரேம் தேவை, அதுவும் காற்று எழுவதற்கு முந்தைய காலை நேரத்தில். எல்லா ஃபிரேமுக்கும் ஒரே அமைப்பை ஒட்டி, ஷார்ப்பனை அணைத்து, 16 பிட் டிஃப் ஆக வெளியேற்றிய பிறகு, ஹியூகின் என்ற படம் ஒட்டும் மென்பொருளுடன் வரும் 'அலைன் இமேஜ் ஸ்டாக்' கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். பின்பு அவற்றை ஒரே படமாகக் கலக்கும் 'என்ஃபியூஸில்' எக்ஸ்போஷர், சாச்சுரேஷன் எடைகளை 0 ஆக்கி, கான்ட்ராஸ்ட்டை 1 ஆக வைத்து, ஹார்ட் மாஸ்க் போட வேண்டும். ஹார்ட் மாஸ்க்கை மறந்தால் முள் நுனிகள் புகையாகக் கலந்துபோகும். இதுவும் இலவசம்தான்; கட்டளை வரியில் தட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை: கள்ளியின் பளபளப்பைக் குறைக்க உதவும், எருக்கிலோ அந்த வெள்ளைப் பூச்சின் ஒளிர்வையே தின்றுவிடும். பிறகு எந்த ஸ்லைடராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

வாங்கியவுடன், அதாவது இறக்கியவுடன், கவனிக்க வேண்டியவை இரண்டு. எடிட்டிங் விவரம் படத்துக்குப் பக்கத்திலேயே சின்ன எக்ஸ்எம்பி ஃபைலாக உட்காரும். வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது ரா ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டால் உழைப்பெல்லாம் பழைய இடத்திலேயே கிடக்கும். புதிய பதிப்பு திறந்த தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு மறுபடி திறக்காது. ஆகவே அப்டேட்டுக்கு முன் அதையும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.