லிப்ரே ஆபீஸ் கால்க்: டியூஷன் மார்க் ஷீட்டுக்கு எப்படி இருக்கு?

நம்ம டியூஷன் சென்டர்ல பத்தாவது பசங்க மார்க் எல்லாம் ஒரு வருசமா லிப்ரே ஆபீஸ் கால்க்ல தான் போட்டுட்டு இருக்கேன், எக்ஸெல் மாதிரி கட்டம் போட்டு கணக்கு பாக்குற சாஃப்ட்வேர், காசு கிடையாது, பழைய லேப்டாப்லயும் ஓடுது, எக்ஸெல் ஃபைலையும் திறக்குது, அதான் எறக்குனேன். கலர், சார்ட் பத்தியெல்லாம் வேற யாராவது எழுதட்டும், நான் இஃப் (கண்டிஷன் சரின்னா ஒரு பதில், இல்லன்னா வேற பதில்), ஆண்ட் (எல்லா கண்டிஷனும் சரியா), ஆர் (ஏதாவது ஒண்ணாவது சரியா) இந்த ஃபார்முலா சமாச்சாரம் மட்டும் சொல்றேன், மார்க் ஷீட்டோட உசுரே அதுல தான இருக்கு.

மொத மாசமே என் மானம் போச்சு, தப்பு என்னோடது தான். அஞ்சு பாடம், ஒவ்வொண்ணுலயும் 35 வந்தா பாஸ்னு ஆண்ட் ஃபார்முலாக்குள்ள அஞ்சு கண்டிஷன் போட்டு அதை இஃபுக்குள்ள சொருகிட்டேன். ஒரு பையன் கணக்கு டெஸ்ட்டுக்கு வரல, அந்த செல்லுல ஆப்சென்ட்டுக்கு சுருக்கமா ஏபின்னு அடிச்சு வச்சேன், ஷீட்டு அவனை பாஸ்னு காட்டுது, நானும் பாக்காம வாட்ஸ்அப்ல தட்டி விட்டுட்டேன். சாயங்காலம் அவங்க அம்மா போன்: "சார், காய்ச்சல்ல படுத்து கெடந்தவன் கணக்குல எப்டி சார் பாஸானான்?"

ரெண்டு நாள் மண்டைய ஒடச்ச அப்புறம் தான் புரிஞ்சுது. எழுத்தையும் எண்ணையும் பக்கத்துல வச்சு எது பெருசுன்னு கேட்டா எப்பவுமே எழுத்து தான் பெருசுன்னு சொல்லும், அதனால ஏபி 35ஐ விட பெருசு, பையன் பாஸ். எக்ஸெல்லயும் இதே கதை தான். செல்லை காலியா விட்டா 0ன்னு எடுத்துக்கிட்டு ஃபெயில் போடும், அப்போ வராதவனுக்கும் முட்டை வாங்குனவனுக்கும் வித்தியாசமே இருக்காது.

இப்போ அந்த ஆண்ட் ஃபார்முலாவையே தூக்கிட்டேன். கவுன்ட்இஃப் வச்சு 35க்கு கொறையாத செல் எத்தனைன்னு எண்ண சொல்லி, அது 5ஆ இருந்தா பாஸ். அது எழுத்தை எண்ணாது, ஏபி தானா கழண்டுடும். அதுக்கு முன்னாடி ஏபி ஒண்ணாவது இருந்தா ஆப்சென்ட்னு ஒரு இஃப், அவ்ளோதான்.

இன்னொரு குழி, 35ல இருந்து 100 வரைன்னு கணக்கு நோட்டுல எழுதுற மாதிரி 35<=மார்க்<=100னு ரெண்டு குறியையும் ஒரே வரில போடாதீங்க. மொத பாதிக்கு ட்ரூ இல்ல ஃபால்ஸ்னு பதில் வரும், கால்க் அதை 1, 0ன்னு வச்சு 100ஓட ஒப்பிடும், என்ன மார்க் போட்டாலும் சரின்னு தான் சொல்லும். எக்ஸெல்ல இதே ஃபார்முலா எப்பவும் தப்புன்னு சொல்லும், அந்த கூத்து வேற. அந்த எடத்துல ஆண்ட் தான் சரி.

எனக்கு ரொம்ப புடிச்சது கன்ட்ரோல் எஃப்2 அடிச்சா வர்ற விஸார்ட், அதாவது ஃபார்முலா எழுத உதவுற ஜன்னல். அதுல ஸ்ட்ரக்சர்னு ஒரு டேப் இருக்கு, இஃபுக்குள்ள இஃப் போட்டு சிக்கலாக்குன ஃபார்முலாவ கெள கெளயா பிரிச்சு காட்டும், எந்த இஃப் எங்க முடியுதுன்னு அங்க பாத்தா தெரிஞ்சுடும். கிரேடு போட ஆறு இஃப் சொருகி, 35ஐ மொதல்ல எழுதி வச்சு, 98 எடுத்த புள்ளைக்கும் கடைசி கிரேடு வந்தப்போ இதுல தான் கண்டுபுடிச்சேன். பெரிய மார்க்ல இருந்து கீழ எறங்கணும்.

இஃபுக்குள்ள இஃப் சொருகாம கண்டிஷனை வரிசையா அடுக்க இஃப்ஸ்னு ஒண்ணு இருக்கு, படிக்க சுலபம், ஆனா எதுலயும் சேராதவங்களுக்கு கடைசில ட்ரூன்னு ஒரு கண்டிஷன் நீங்களே போடணும். ஃபைலை எக்ஸெல் 2010 மாதிரி பழசு வச்சிருக்கவங்களுக்கு அனுப்புறதா இருந்தா அது வேணாம், அதுல இஃப்ஸே கிடையாது. எக்ஸார்னும் ஒண்ணு இருக்கு, ரெண்டு கண்டிஷன்ல ஒண்ணு மட்டும் சரியான்னு பாக்குறது, அது எனக்கு இன்னும் தேவைப்படல.

கடுப்பு ஏத்துறது எரர் தான். அடைப்புக்குறி ஜோடி சேரலன்னா செல்லுல எரர் 508னு நிக்கும், என்னமோ பஸ் நம்பர் மாதிரி. கீழ ஸ்டேட்டஸ் பார்ல வெளக்கம் வரும், அங்க எவன் பாக்குறான்? அதுவே திருத்தி தரட்டுமான்னு கேக்கும்போது சட்டுனு எஸ் அடிச்சுடாதீங்க, அது திருத்துறது நீங்க நெனச்ச எடமா இல்லன்னா விடை தப்பா வரும். அந்த நம்பருக்காகவே ஒரு ஸ்டார் கொறைக்கிறேன், அஞ்சுக்கு நாலு.