பிடபிள்யூஎம்மா, எம்பிபிடியா: பேனலின் முதுகைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

மாடியில் சோலார் பேனல், கீழே டியூபுலர் பேட்டரி. நடுவில், பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் எதைப் போடுவது? பிடபிள்யூஎம், எம்பிபிடி என்று இரண்டு வகை. விலையை மட்டும் பார்த்தால் பிடபிள்யூஎம்தான். நல்ல எம்பிபிடி அதைவிடப் பல மடங்கு விலை. நான் போட்டிருப்பது எம்பிபிடி. அதனால் பேச்சு அந்தப் பக்கம் சாயும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிடபிள்யூஎம் ஓர் அதிவேக ஸ்விட்ச், அவ்வளவுதான். பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கும். சேர்ந்திருக்கும்போது பேனலின் வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜுக்கு இறங்கிவிடும். மிச்ச வோல்டேஜ் வீண். எம்பிபிடி அந்த மிச்சத்தை ஆம்பாக மாற்றிக் கொடுக்கும்.

'எம்பிபிடி போட்டால் 30% கூடுதல்' என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பழைய 36 செல் 100 வாட் பேனல் ஏறத்தாழ 18 வோல்ட், 5.5 ஆம்ப். 13 வோல்ட்டில் இருக்கும் பேட்டரிக்கு பிடபிள்யூஎம் வழியாக 72 வாட் போகும். நம் ஊர் வெயிலில் செல் சூடு 60 டிகிரியைத் தொட்டால் பேனலே 86 வாட்தான் தரும்; எம்பிபிடியின் இழப்பும் போக 82 வாட். பத்து வாட்டுக்காக அவ்வளவு பணம் எதற்கு? மோட்டார் ஷெட் விளக்குக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் பிடபிள்யூஎம் போதும்.

ஆனால் இன்று கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 540 வாட் ரகப் பேனல். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வேலை வோல்டேஜ் 41, ஆம்ப் 13, விஓசி (எதிலும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) 49.5 என்ற அளவில் இருக்கும். இதை 12 வோல்ட் பேட்டரிக்கு பிடபிள்யூஎம்மில் கட்டினால் 13 ஆம்ப் × 13 வோல்ட், அதாவது 170 வாட்கூட வராது. மூன்றில் இரண்டு பங்கு பேனலுக்குக் கொடுத்த காசு காற்றோடு போச்சு. இரண்டு 150 ஏஎச் பேட்டரியை சீரியலில் போட்டு 24 வோல்ட் ஆக்கினாலும் பிடபிள்யூஎம்மில் 340 வாட்; அதே உச்சி வெயிலில் எம்பிபிடியில் 440 வாட் வரை, அதாவது 17 ஆம்ப் அளவுக்கு.

வாட் கணக்கைவிட முக்கியம் அந்த விஓசி. 24 வோல்ட் பிடபிள்யூஎம் பலவற்றின் பேனல் வரம்பு 50 வோல்ட் அளவில்தான். குளிர்ந்தால் பேனலின் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு சுமார் 0.28%. மார்கழி விடியலில் செல் 15 டிகிரியில் இருந்தால் 49.5 என்பது 51-ஐ நெருங்கும். வெயில் லேசாக இருந்தாலும் வோல்டேஜ் ஏறிவிடும். ஆக, கன்ட்ரோலர் சாவது உச்சி வெயிலில் அல்ல, காலையில். எம்பிபிடி வாங்குபவர்களும் இதில் தப்ப முடியாது. கன்ட்ரோலரில் 100/30 என்று போட்டிருந்தால் உச்சம் 100 வோல்ட், 30 ஆம்ப். இதே பேனல் இரண்டை சீரியலில் போட்டால் 99 ஆச்சே என்று மாட்டினால், 15 டிகிரியில் 102, ஊட்டியில் 5 டிகிரியில் 104-க்கு மேல். இரண்டு பேனல் சீரியல் என்றால் 150 வோல்ட் ரகம்தான்.

மலிவு விலையில் 'எம்பிபிடி' என்று அச்சடித்த பிடபிள்யூஎம்களும் விற்பனையில் உண்டு. பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது, நடுப்பகலில், ஒயரைக் கவ்வி ஆம்ப் காட்டும் டிசி க்ளாம்ப் மீட்டரை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். பேனல் பக்கம் 12 ஆம்ப், பேட்டரி பக்கம் 16 என்றால் அசல். இரண்டும் ஒன்றே என்றால் ஏமாந்தாயிற்று.

பொருத்தும் வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சுவரில் செங்குத்தாக, மேலும் கீழும் 10–15 செ.மீ. காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். பேட்டரிக்கு நேர் மேலே வேண்டாம். அதிலிருந்து எழும் ஆசிட் ஆவியும் ஹைட்ரஜனும் நேராகக் கன்ட்ரோலருக்குள் போகும். 30 ஆம்ப் கன்ட்ரோலருக்குப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்ப் டிசி ஃபியூஸ், அங்கிருந்து 10 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) லக். வீட்டு ஏசி எம்சிபியை இங்கே போடாதீர்கள்: டிசியில் எழும் தீப்பொறியை அது அணைக்காது, உள்ளேயே எரியும்.

எப்போதும் பேட்டரிதான் முதலில். பேனல் பக்கத்து டிசி ஐசொலேட்டர் (பேனலைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃப். மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் பார்த்துப் பேட்டரி ஒயரை இறுக்கி, கடைசியில் ஃபியூஸ். திரையில் 24 என்று வருகிறதா? 12 என்று தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் கையால் மாற்றுங்கள். பேட்டரி வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு ஐசொலேட்டரின் பேனல் பக்கம் வோல்டேஜும் போலாரிட்டியும் பார்த்து ஆன். பேனலை முதலில் கொடுத்தால், வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கப் பேட்டரி இல்லாமல் கன்ட்ரோலர் போய்விடலாம். கழற்றும்போது தலைகீழ்: பேனல் முதலில். மின்சாரம் ஓடும்போது பேனல் ஒயரின் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது.

இன்வெர்ட்டரைக் கன்ட்ரோலரின் லோடு டெர்மினலில் மாட்ட வேண்டாம், அந்த இழுப்பை அது தாங்காது. தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரிக்குப் போகட்டும்.

எர்த் விஷயத்தில் பிடபிள்யூஎம்மில் ஒரு பொறி உண்டு. மலிவு ரகம் பலவற்றில் பேனல் பிளஸ்ஸும் பேட்டரி பிளஸ்ஸும் உள்ளேயே ஒன்று. சார்ஜை வெட்டுவது மைனஸில். வெளியே இரண்டு மைனஸையும் எர்த்தில் சேர்த்துவிட்டால் கன்ட்ரோலரைத் தாண்டி மின்சாரம் ஓடும், பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும்.

24 வோல்ட் டியூபுலருக்கு அப்சார்ப்ஷன் (நிறைக்கும் கட்டம்) 28.8 வோல்ட், ஃப்ளோட் (நிறைந்தபின் தக்கவைக்கும் கட்டம்) 27.2 பக்கம், பேட்டரியின் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும். டெம்பரேச்சர் சென்சாரைப் பேட்டரியின் மேல் ஒட்டுங்கள், 35 டிகிரியில் இந்த வோல்டேஜ் அரை வோல்ட் குறைய வேண்டும். ஈக்வலைசேஷன் (அவ்வப்போது கொடுக்கும் கூடுதல் வோல்டேஜ் சார்ஜ்) தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மட்டும். லித்தியத்தில் அதையும் சூட்டுத் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள்; மற்றபடி லித்தியத்தில் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் என்பதால் பொதுவாக எண் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் முழு வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியதும் ஒவ்வொரு டெர்மினலின் மேல் உறையையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஸ்க்ரூ தளர்வு, அல்லது கிரிம்ப் சரியில்லை. ஐசொலேட்டரை ஆஃப் செய்து, ஃபியூஸைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள். ஒரு மாதம் கழித்து எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி ஒரு சுற்று.