ஜிங்மிங்கா, ஸான்ஜுவா, குவாங்மிங்கா? கண்ணுக்கான மூன்று அக்குபங்சர் புள்ளிகள்

கண் என்று பேச்சு வந்தாலே அக்குபங்சரில் முதலில் அடிபடும் பெயர் ஜிங்மிங். சிறுநீர்ப்பை சக்தி நாளத்தில் (உடலில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளில் ஒன்று) உள்ள 67 புள்ளிகளில் முதலாவது என்பதால் இதை யூபி 1 என்பார்கள்; யூபி என்பது யூரினரி பிளாடர், சிறுநீர்ப்பை. பேர் பெரிது என்பதற்காக வீட்டில் விரல் வைக்க இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இது ஊசிக்காரரின் புள்ளி. விரலுக்கு, புருவத்தில் இருக்கும் யூபி 2, அதாவது ஸான்ஜுதான் சரி.

ஏன் என்பதற்கு இடத்தைப் பார்த்தாலே போதும். மூக்கை ஒட்டிய கண் மூலைக்கு 0.1 சுன் மேலே ஒரு சிறு பள்ளம், அதுதான் ஜிங்மிங். (ஒரு சுன் என்பது நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் அகலம், ஊசி போடுபவருடையது அல்ல.) பள்ளத்தின் ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் கண்விழி, நடுவே ரத்தக்குழாய்கள். ஊசி போடுபவர் நோயாளியைக் கண் மூடச் சொல்லி, ஒரு விரலால் விழியை வெளிப்பக்கம் மெல்ல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய ஊசியை எலும்புச் சுவரை ஒட்டி நேராக 0.3 முதல் 0.5 சுன் வரை மெதுவாக இறக்குவார். முறுக்கக் கூடாது, மேலும் கீழும் ஆட்டக் கூடாது. மாக்ஸா சூடு, அதாவது மூலிகையைப் பற்றவைத்துக் கொடுக்கும் சூடு, இங்கே அறவே கிடையாது. ஊசியை எடுத்ததும் உலர்ந்த பஞ்சை வைத்து 2, 3 நிமிடம் அழுத்தியே இருக்க வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். இமைத் தோல் தளர்வானது; உள்ளே கசிந்த ரத்தம் தடையில்லாமல் பரவிக் கண்ணைச் சுற்றிக் கன்றிப்போகும். அது மங்கி மறைய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

ஜிங்மிங்கை விரலால் அழுத்தும்போது தவறு வேறு மாதிரி. விசை மூக்கெலும்பை நோக்கிப் போக வேண்டும். பெரும்பாலோர் பின்னோக்கி, விழி மேலேயே அழுத்திவிடுகிறார்கள். விழியை அழுத்தினால் அனிச்சையாக நாடித்துடிப்பு குறையும், சிலருக்குத் தலை சுற்றும். இன்னொன்று: கண் மூலைக்குச் சற்றுக் கீழே கண்ணீர்ப்பை இருக்கிறது. அழுத்தியதும் மூலையில் சீழ் எட்டிப் பார்த்தால் அது தொற்று. புள்ளியை மறந்துவிட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

ஸான்ஜுவில் இந்தத் தொல்லை இல்லை. புருவத்தின் உள்முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனால் எலும்பில் ஒரு சின்னக் குழிவு தட்டுப்படும்; அழுத்தினால் மந்தமாக வலிக்கும். முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு கட்டைவிரல்களையும் அந்தக் குழிவுகளில் வைத்து, தலையின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் விடுங்கள். 5 விநாடி அழுத்தி, 5 விநாடி விட்டு, 8 முறை. மின்னல் மாதிரி நெற்றிக்கு ஏறினால் நரம்பின்மேல் நேராக நிற்கிறீர்கள், இம்மியளவு நகர்த்துங்கள். கணினி முன் உட்கார்ந்து புருவத்தைச் சுருக்கியே வைத்திருப்பவர்களுக்கு இங்கே இறுகிய தசை தளர்கிறது. கனம் இறங்கியதுபோல் இருப்பது அதனால்தான். சீனப் பள்ளிகளில் 1963 முதல் நடந்துவரும் கண் பயிற்சியை 2008இல் திருத்தியபோது ஸான்ஜுவை முதல் படியாக வைத்தார்கள், ஜிங்மிங் இரண்டாவது.

மூன்றாவதான குவாங்மிங், ஜிபி 37 (ஜிபி என்பது பித்தப்பை நாளம்), கண்ணுக்கு வெகு தூரத்தில், காலில் இருக்கிறது. வெளிக்கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து 5 சுன் மேலே: நான்கு விரல் அகலம் 3 சுன், அதன்மேல் இரண்டு கட்டைவிரல் அகலம். முன்கால் எலும்பில் தேடாதீர்கள். வெளிப்பக்க மெல்லிய எலும்பின் முன்விளிம்பில் தேடுங்கள். பித்தப்பை நாளத்தைக் கல்லீரல் நாளத்தோடு இணைக்கும் புள்ளி இது. கல்லீரல் கண்ணில் திறக்கிறது என்பது சீன மருத்துவக் கணக்கு. கண்ணைத் தொடவே முடியாத நிலையில் மரபுவழி மருத்துவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பார்வை கூடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். கால் சுண்டுவிரலில் இருக்கும் யூபி 67ஐத் தூண்டினால் மூளையின் பார்வைப் பகுதி விழிக்கிறது என்று 1998இல் வந்த ஸ்கேன் ஆய்வை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த முடிவை அதன் ஆசிரியர்களில் பெரும்பாலோர் 2006இலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். குழந்தைகளின் கிட்டப்பார்வைக்கும் கண்ணழுத்த நோய்க்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) அலசல்களிலும் உறுதியான பலன் தெரியவில்லை. கண்ணாடி பவர் இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆக, மாலைக் கண் களைப்புக்கு ஸான்ஜு. மெட்ராஸ் ஐ வந்திருந்தால் கண் பக்கமே கையைக் கொண்டுபோகாமல், வேண்டுமானால் குவாங்மிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜிங்மிங்கை ஊசி அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்ல வேண்டும். கண்புரை அறுவைக்குப் பிறகு, டாக்டர் சரி என்று சொல்லும்வரை கண்ணைச் சுற்றி எந்த அழுத்தமும் வேண்டாம். திடீரென்று ஒளிக்கீற்று, மிதக்கும் புள்ளிகள், திரை விழுந்தது போன்ற மறைப்பு தெரிந்தால் விழித்திரை விலகியிருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.