பாலிக் புலாவ்: தீவைச் சுற்ற வேண்டாம், பின்பக்கம் போய் இறங்குங்கள்

பினாங்கில் ரோடு சைக்கிள் வாங்கியவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "தீவைச் சுத்தியாச்சா?" என்பதுதான். ஜார்ஜ்டவுனில் கிளம்பி, தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் வரை கடலோரம். அங்கிருந்து மலை ஏறி பாலிக் புலாவில் இறங்கி, தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாகத் திரும்பவும் ஊருக்குள். 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். ஒரு முறை சுற்றிப் பார்க்கலாம், தப்பில்லை. அமைதியான சாலை தேடி வருபவருக்கு மட்டும் இந்தச் சுற்றை முழுதாகப் பரிந்துரைக்க முடியாது. தெலுக் பஹாங்கில் தொடங்கி தெலுக் கும்பாரில் முடியும் நடுத்துண்டுதான் சரக்கு. மற்றதெல்லாம் சிக்னலும் ஹோட்டல் வாசலும் லாரியும்.

வடக்குக் கடலோரச் சாலை படத்தில் அழகாக இருக்கும். நேரில் பார்த்தால் குறுகலான வளைவுச் சாலை. ஓரத்தில் ஒதுங்க இடம் கிடையாது, சுற்றுலாப் பேருந்துகள் உரசுகிற மாதிரி போகும். தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கம் விமான நிலையமும் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஃபேக்டரி பேருந்துகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே சைக்கிளோடு நிற்பதில் எந்தச் சுகமும் இல்லை.

சுற்றியே ஆக வேண்டும் என்பவர்கள் திசையை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். கடிகார முள் சுற்றும் திசையில் போனால் கடல் கைக்கு எட்டும் பக்கம் இருக்கும், காட்சிக்கு அதுதான் நல்லது. ஆனால் அப்படிப் போனால் பத்து பெரிங்கிக்கு வந்து சேரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். கார்கள் வரிசை கட்டி நிற்கும். எதிர்த்திசையில் போங்கள், கடல் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். காலை ஆறுக்குக் கிளம்பினால் ஹோட்டல் பகுதியை இருட்டிலேயே கடந்துவிடலாம். பினாங்கில் ஏழு மணிவாக்கில்தான் விடியும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் அந்நேரத்தில் இறங்கக் கூடாது.

எங்கள் பரிந்துரை வேறு. சைக்கிளைக் காரில் ஏற்றி பாலிக் புலாவ் டவுனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்தே ஓட்டத்தைத் தொடங்குங்கள். மலைத்தொடர் தீவை நடுவில் பிரிக்கிறது. அதற்கு மேற்கே இருப்பது கம்பங்களும் (மலாய்க் கிராமங்கள்) வயலும் பழத்தோட்டமும். 'தீவின் பின்புறம்' என்ற அர்த்தத்தில்தான் அந்த ஊருக்கே பெயர். எதிர்க்கரையில் பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பாலத்தில் சைக்கிள் ஓட்ட முடியாது. காரில் ஏற்றிப் பாலத்தைக் கடக்கலாம், இல்லையென்றால் சைக்கிளோடு ஃபெர்ரியில் ஏறலாம்.

அங்கிருந்து மூன்று ஓட்டங்கள். தரத்தில் மூன்றும் ஒன்றல்ல.

முதல் இடம் தித்தி கெராவாங் மலைக்கு. பாலிக் புலாவிலிருந்து தெலுக் பஹாங்குக்கு 15, 16 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் முப்பதுக்கு மேல். சுங்கை பினாங் பக்கம் தட்டையாகப் போகும் சாலை, பிறகு வளைந்து வளைந்து ஏறும். ஒரு பக்கம் டுரியான், ஜாதிக்காய் தோட்டங்கள். மரங்கள் விலகும் இடங்களில் கீழே மேற்குக் கடற்கரை தெரியும். தித்தி கெராவாங் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது, அங்கே நின்று மூச்சு வாங்கலாம். உச்சி தாண்டியதும் தெலுக் பஹாங் அணைக்கட்டை ஒட்டி இறக்கம். அணைப் பக்கத்து ஏற்றம்தான் செங்குத்து. அதனால் தெலுக் பஹாங்கில் பசியாறிவிட்டுத் திரும்பும்போதுதான் கால் கனக்கும். ரொட்டி சானாய் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். முன்னால் 50/34 பல் சக்கரங்கள், பின்னால் 11-32 பல் காசெட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) இருந்தால் போதும். 34க்கு 32 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.25 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர் வேகம் வரும், மூச்சும் கட்டுக்குள் இருக்கும். பழைய 39-25 அமைப்பில் அதே 70 சுற்று வேண்டுமென்றால் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அது முடியாதவர் 50 சுற்றுக்கு இறங்கி முட்டியால் தள்ளுவார். முட்டி வலி அங்கேதான் ஆரம்பம். இடப்பக்க வளைவுகளில் உள்விளிம்பு எப்போதுமே நடுச்சாலையைவிடச் செங்குத்து. பின்னால் வண்டி இல்லை என்றால் அரை மீட்டர் வெளியே தள்ளி ஏறுங்கள். ஒரு கியர் மிச்சமாகும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. மழை பெய்து ஆறு மணி நேரம் ஆனாலும் மலைச்சரிவிலிருந்து நீர் கசிந்து சாலையைக் குறுக்கே கடக்கும். இரண்டு விரல் அகலக் கோடுதான், பார்வைக்கு ஒன்றுமில்லை. வெயில் படாத வளைவில் அந்தக் கோட்டைச் சுற்றிப் பாசி படிந்து, தார் கருப்பாக இல்லாமல் கொஞ்சம் பச்சை கலந்து மினுங்கும். பக்கத்தில் நசுங்கிய இலைகளும் ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் சைக்கிளைச் சாய்த்தால் முன்சக்கரம் முன்னறிவிப்பு இல்லாமல் போய்விடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, ஈரத்தின் மேல் நிமிர்ந்து, பிரேக்கை விட்டுக் கடக்க வேண்டும். வெள்ளைக் கோட்டுச் சாயத்துக்கும் இதே விதி. ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை) என்றால் ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிடிக்காது. வளைவுக்கு ஐம்பது மீட்டர் முன்பே லேசாகத் தொட்டு நீரை வழித்துவிடுங்கள். கார்பன் ரிம் வைத்திருப்பவர்கள் இறக்கம் முழுக்கப் பிரேக்கை உரசிக்கொண்டே வரக் கூடாது, சூடேறி ரிம் பாழாகும். அழுத்தி விடுவதும் மறுபடி அழுத்துவதுமாக வர வேண்டும்.

டயர் 28 மில்லிமீட்டர். 70 கிலோ எடை உள்ளவருக்குக் காற்றழுத்தம் 70 பி.எஸ்.ஐ. போதும், ஈரமென்றால் இன்னும் ஐந்து குறைக்கலாம். நூறுக்கு மேல் அடித்துக் கல்லாக்கி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேடுபள்ளச் சாலையில் அது வேகத்தைக் கூட்டாது, பிடிப்பைத்தான் குறைக்கும்.

இரண்டாவது ஓட்டம் வயல்வெளி. சுங்கை பூரோங், புலாவ் பெத்தோங் என்று கடலை நோக்கிப் போகும் கம்பத்துச் சந்துகள். ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. மலையை முந்தின நாள் பார்த்துவிட்டு மறுநாள் கால் ஆற்றிக்கொள்ள வருபவர்களுக்கும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் இதுதான் சரி. காலை எட்டுக்கு முன் கொக்குகளும் ஒன்றிரண்டு மோட்டார்களும் தவிர வேறு போக்குவரத்து இருக்காது. ஆனால் வேகமாக மிதிக்கும் இடமும் இல்லை. ஒரு கார் போகும் அகலம்தான், ஓரத்தில் மூடி இல்லாத லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), புல் வளர்ந்து விளிம்பு தெரியாது. எதிரே வேன் வந்தால் புல்லில் ஒதுங்காமல் நின்று வழிவிடுங்கள். வேகத்தடை மேடுகளில் பல சாயம் போனவை. வார இறுதியில் மலாய்க் கல்யாணப் பந்தல் சாலையையே அடைத்திருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் சிரித்துக்கொண்டே வழி விடுவார்கள். முற்பகலில் கடல்காற்று எழும்பும். ஆகவே முதலில் கடல் பக்கம் போய்விட்டு, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு டவுனுக்குத் திரும்புவதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது, புக்கிட் கெந்திங் வழியாக தெலுக் கும்பார், அங்கிருந்து கெர்தாக் சங்குல். மலை சிறியது, தித்தி கெராவாங் ஏறிய கால்களுக்கு இது வார்ம்-அப். தெலுக் கும்பார் சந்திப்பில் நெரிசல் உண்டு. அதைத் தாண்டி கெர்தாக் சங்குலுக்குத் திரும்பினால் மீண்டும் கடலோரம், மீன்பிடிப் படகுகள். சாலை அங்கே முடிந்துவிடும், வந்த வழியேதான் திரும்ப வேண்டும். முட்டுச்சந்து என்பதால்தான் அமைதியும். நேரம் குறைவென்றால் முதலில் விட்டுவிட வேண்டியது இந்த ஓட்டத்தை.

ஜாலான் துன் சார்டோன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாயா தெருபோங்கையும் பாலிக் புலாவையும் இணைக்கும் மலைச்சாலை இது. வரைபடத்தில் குறுக்குவழி மாதிரி ஆசை காட்டும். ஓரத்தில் ஒதுங்க இடமில்லாத சாலை, வளைவுக்கு வளைவு முந்திப் பார்க்கும் கார்கள், வார இறுதியில் முட்டியைத் தரையில் தேய்க்கப் பார்க்கும் மோட்டார்காரர்கள். சைக்கிளுக்குச் சுழியம் மதிப்பெண். காரில் வரும்போது பயன்படுத்துங்கள். குரங்குகளும் உண்டு. நிற்க நேர்ந்தால் ஜெர்சி முதுகுப் பையில் பிளாஸ்டிக் உறை வெளியே தெரிய வேண்டாம், சத்தம் கேட்டாலே சாப்பாடு என்று வந்து இழுக்கும்.

காலம் பார்த்து வர வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மழை குறைவான மாதங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், மண் சரிந்து மலைச்சாலை மூடப்படுவதும் நடக்கும். கிளம்புமுன் செய்தியைப் பார்த்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான். சாலையோரக் கடை முன்னால் கார்கள் சட்டென்று நிற்கும், பார்க்காமல் கதவு திறக்கும். கிளைகள் சாலைமேல் நீட்டியிருக்கும் தோட்டங்களுக்கு அடியில் நின்று தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். வலை கட்டாத மரமென்றால் ஹெல்மெட்டை நம்பி நிற்க முடியாது.

தண்ணீர் 750 மில்லி போத்தல் இரண்டு, ஒன்றில் உப்புச் சத்து கலந்தது. டவுனில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள், மலையில் பழக்கடை திறந்திருந்தால் அது அதிர்ஷ்டம். ஓட்டம் முடிந்து பாலிக் புலாவ் லக்சா. புளிப்பில் ஒன்று, தேங்காய்ப்பால் போட்ட சயாம் லக்சா இன்னொன்று. ஜாதிக்காய் தண்ணீர் ஐஸ் போட்டு. இதற்காகவாவது ஓட்டத்தை இங்கே தொடங்கி இங்கேயே முடிக்க வேண்டும்.

வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மலைச் சைக்கிள், நகரச் சைக்கிள். வயல்வெளிக்கு அவை தாராளம். மலைக்கு என்றால் எடுக்கும் இடத்திலேயே சோதியுங்கள். பிரேக் பிடியை இறுக்கினால் ஹாண்டில்பாரைத் தொடக் கூடாது. பிரேக் கட்டையில் பள்ளக்கோடு தெரிய வேண்டும். மிக எளிதான கியருக்கு (பின்னால் பெரிய பல்சக்கரம்) மாற்றிப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் செயின் கம்பிகளுக்குள் விழக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் வேறு சைக்கிள் கேளுங்கள்.

பஞ்சருக்கு முக்கியக் காரணம் லாரி டயர் வெடித்துச் சிதறும் மெல்லிய எஃகுக் கம்பி. மயிர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று துடையுங்கள், நூல் சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். பிடுங்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போகும். டியூப் இரண்டு, கைப்பம்பு ஒன்று. பாலிக் புலாவ் எண்ணெய் நிலையத்திலோ மோட்டார் பட்டறையிலோ காற்று கிடைக்கும், ஆனால் அந்தக் குழாய் கார் வால்வுக்கானது. ரோடு சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. சில ரிங்கிட்தான் விலை, விரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றை முன்கூட்டியே வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். பையில் போட்டால் தேவைப்படும்போது கிடைக்காது.