செந்தோசாவில் ஒரு பகல்: எந்த ரைடுக்கு நிற்பது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். பெரியவர் ஒருவருக்கு 80 வெள்ளிக்கு மேல் கொடுத்துத்தான் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குள் போக முடியும். அப்புறம் ஒவ்வொரு ரைடுக்கும் தனியாக ஒரு விலை உண்டு, அதைக் காலால் கட்ட வேண்டும். கூட்டமான நாளில் ஒரு மணி நேரம் நின்றால், ரைடு ஐந்து நிமிடம் ஓடினாலே அதிகம். சாப்பாட்டுக்கும் இதே கதைதான். மதியம் ஒரு மணிக்குத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு காலி மேசை தேடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் போனது நான்கு பேர்: நான், மனைவி, அம்மா, எட்டு வயது அக்கா மகன். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம் வேறு. பையனின் உயரம் 120 சென்டிமீட்டர். கிளம்புவதற்கு முதல் நாள் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தது, அதனால் சரியாகத் தெரியும்.

எது நல்ல ரைடு என்று நிறையப் படித்துவிட்டுத்தான் போனேன். உள்ளே போய் அரை நாள் சுற்றிய பிறகுதான், ரைடையும் சாப்பாட்டுக் கடையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்ததே தப்பு என்று தெரிந்தது. அம்மா மாதிரி ஒருவர் கூட வந்தால், நாம் வரிசையில் நிற்கிற அந்த ஒரு மணி நேரமும் அவர் எங்கே உட்காருவார்? அவருக்கு உணவகம்தான் காத்திருக்கும் அறை. ஆக இந்த ரைடுக்குப் பக்கத்தில் இந்தக் கடை என்று ஜோடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இடம் ஒன்றும் பெரிதில்லை, சுமார் 20 ஹெக்டேர். நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி ஏழு பகுதிகள். நுழைந்ததும் ஹாலிவுட். வலப்பக்கமாகப் போனால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே என்று வரிசையாக வரும். கடைசியாக, முன்பு மடகாஸ்கர் இருந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்டு.

ஹியூமனா, சைலானா?

சை-ஃபை சிட்டியில் ஒன்றோடொன்று மோதுவதுபோல் அமைத்த இரட்டை ரோலர் கோஸ்டர், பேட்டில்ஸ்டார் கலாக்டிகா. சுமார் 14 மாடி உயரம். சிவப்புத் தண்டவாளம் ஹியூமன், நீலம் சைலான். ஹியூமனில் வழக்கம்போலப் பெட்டியில் உட்கார்ந்து போகலாம், தலைகீழாகப் புரட்டாது. வேகமும் சரிவும்தான் அதன் சரக்கு. சைலானில் இருக்கை தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், காலுக்கு அடியில் தரை கிடையாது. அந்தரத்தில் கால் ஆட, திரும்பத் திரும்பத் தலைகீழாகச் சுழற்றிவிடும்.

ஒன்றுதான் ஏற முடியும் என்றால் சைலான் என்பேன். ஹியூமன் மாதிரி ரைடு வேறு ஊர்களிலும் கிடைக்கும். சைலானில் எதிரே இன்னொரு தண்டவாளம் நம் முகத்துக்கு நேராக வந்து கடைசி நொடியில் விலகும்போது, தொங்குகிற காலை நாமே மேலே இழுத்துக்கொள்கிறோம். அதற்காகவே வரிசையில் நிற்கலாம். ஆனால் கழுத்து வலிக்காரர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் பேசாமல் சிவப்புப் பக்கம் போய்விடுவது நல்லது. என் மனைவி அப்படித்தான் போனாள், எனக்கு முன்னால் இறங்கி வந்து சிரித்துக்கொண்டு நின்றாள்.

இந்த ரைடு 2013 ஜூலையில் மூடப்பட்டு 2015 மே மாதம்தான் திரும்பத் திறந்தது. திறந்தபோது வரிசைக்கு நான்கு பேர் உட்கார்ந்த இருக்கைகள் இரண்டு பேர் இருக்கைகளாகிவிட்டன. ஒரு தடவைக்கு ஏறுகிறவர்கள் குறைந்தால் வரிசை மெதுவாக நகரும் என்பது கணக்கு. காலையிலேயே முடித்துவிடுவது உத்தமம். உயர வரம்பு 125 செ.மீ., அதனால் பையன் கீழேதான். பாக்கெட்டில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் லாக்கர் இருக்கிறது, குறிப்பிட்ட நேரம் வரை இலவசம்.

மம்மியா, ட்ரான்ஸ்ஃபார்மர்ஸா?

இரண்டுமே கூரைக்குள் ஓடுபவை. அதற்கு மேல் ஒற்றுமை கிடையாது. ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி நிஜமான ரோலர் கோஸ்டர், இருட்டில் ஓடும். மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், ஓர் இடத்தில் நிற்கும், 'சரி, முடிந்ததா' என்று நினைக்கும்போது பின்பக்கமாக இழுக்க ஆரம்பிக்கும். எங்கே வளைகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாததால் உடம்பு தயாராக இருப்பதில்லை. உயரத்தை வைத்துப் பார்த்தால் பேட்டில்ஸ்டாரிடம் இது குழந்தை. பயமுறுத்துவதில் அண்ணன்.

ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் வேறு ரகம். 2011 டிசம்பரில் உலகிலேயே முதன்முதலாக இங்கேதான் திறந்தார்கள். முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார வேண்டியதுதான். வண்டி திரைக்குத் திரை நகரும், ஆடும், திரும்பும். உயரமான கட்டடத்திலிருந்து விழுகிற காட்சியில் வயிறு நிஜமாகவே மேலே ஏறுகிறது. உண்மையில் வண்டி அப்படியொன்றும் விழுவதில்லை, கண் சொல்வதை வயிறு நம்பிவிடுகிறது.

எங்களுக்கு முடிவு எடுத்தது அளவுகோல்தான். மம்மிக்கு 122 செ.மீ. வேண்டும், ட்ரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 போதும். மம்மி வாசலில் பையன் குதிகாலை லேசாக உயர்த்தி நின்றான். அங்கே இருந்த அக்கா அவன் தோளை மெல்ல அழுத்தி, "இன்னும் கொஞ்சம் வளரணும் தம்பி" என்று தமிழிலேயே சொன்னார். முகம் வாடிவிட்டது. ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்தபிறகு சரியானது.

பெரியவர்கள் மட்டும் என்றால் மம்மிக்குத்தான் என் ஓட்டு. குழந்தைகள் கூட இருந்தால் யோசிக்காமல் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ். அங்கே தனியாக உட்காரத் தயாரானவர்களுக்கு என்று ஒரு வரிசையும் உண்டு, சில நேரம் மூடி வைத்திருப்பார்கள். மோட்டார் வண்டியில் போகும்போது புத்தகம் படித்தால் குமட்டுகிறவர்களுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒத்துவராது. இதை நான் பிரியாணி சாப்பிட்ட இருபதாவது நிமிடத்தில் கற்றுக்கொண்டேன். தப்பு பிரியாணி மேல் இல்லை.

நனைகிற பக்கம்

லாஸ்ட் வேர்ல்டில் முக்கியமானவை மூன்று. ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ் வட்டப் படகில் சுழன்றுகொண்டே போவது. கடைசியில் இருட்டுக் கட்டடத்துக்குள் படகை அப்படியே லிஃப்ட்டில் தூக்கிக் கீழே விடுவார்கள். 107 செ.மீ. இருந்தால் போதும். யார் எவ்வளவு நனைவார் என்பது படகு சுழல்வதைப் பொறுத்தது. எதிரில் இருந்தவர் சொட்டுத் தண்ணீர் படாமல் இறங்கினார், நான் தீபாவளி எண்ணெய்க் குளியல் முடித்தவன் மாதிரி இறங்கினேன்.

கேனப்பி ஃப்ளையர் தொங்கிக்கொண்டு பறப்பது. ஒரு வண்டிக்கு நான்கே பேர், இரண்டு பேர் முன்னே பார்த்து, இரண்டு பேர் பின்னே பார்த்து. வரிசை நகரவே நகராது. கூட்டம் இல்லாத நாள் என்றால் ஏறுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

வாட்டர்வேர்ல்டு ரைடு இல்லை, சண்டைக் காட்சி. தீ, படகுத் துரத்தல், கடைசியில் ஒரு விமானம் என்று அமர்க்களம். அம்மாவுக்கு அன்றைக்கு மிகவும் பிடித்தது இதுதான். குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் நடக்கும், காலையிலேயே நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ரேபிட்ஸில் நனைந்துவிட்டு நேரே குளிரூட்டிய கடைக்குள் போனால் பல் கிட்டிக்கும். அதனால் ரேபிட்ஸ், உடனே வாட்டர்வேர்ல்டு என்று சேர்த்துப் போட்டோம். காட்சி முடிவதற்குள் சட்டை பாதி காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளிக்கும் வரிசைகளைத் தனி நிறத்தில் காட்டியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்தால் இந்தத் திட்டம் பாழ்.

சாப்பாட்டுக் கணக்கு

வெளிச்சாப்பாடு கொண்டுபோக அனுமதி இல்லை. புளியோதரைப் பொட்டலம் கட்டும் யோசனையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நம்மவர்கள் கால் தானாகப் போகிற இடம் எகிப்துப் பகுதியில் இருக்கும் ஒயேசிஸ் ஸ்பைஸ் கஃபே. இந்திய, மத்தியக் கிழக்கு உணவு, ஹலால். அரிசிச் சோறு, குழம்பு என்று கண்ணில் பட்டதும் பாதி களைப்பு போய்விடுகிறது. மம்மி ரைடு பக்கத்திலேயே என்பதால் ஜோடியும் கச்சிதம். ஒரே சிக்கல், மதியம் ஒரு மணிக்கு நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இதே யோசனை வரும்.

நியூயார்க் பகுதியில் லூயிஸ் பீட்ஸா பார்லர். ஒரு துண்டே நம் வீட்டுத் தோசைத் திருப்பியைவிடப் பெரிது. சீஸ் மட்டும் போட்டது இருக்கிறது, சைவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அம்மா பீட்ஸாவைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுக்குத் தயிர் தருவாங்களா?" என்று கேட்டார். ஆனாலும் எனக்கு இந்தக் கடைதான் முதலிடம். வாசலில் இருந்து கிட்டே. சின்னப் பிள்ளைகள் ஏறுகிற செசமி ஸ்ட்ரீட் ஸ்பெகெட்டி ஸ்பேஸ் சேஸும் இதே பகுதி. புயல் எப்படிப் படமாக்கப்படுகிறது என்று காட்டும் லைட்ஸ், கேமரா, ஆக்‌ஷனும் அங்கேயே. பதினொன்றரைக்கே போய்விட்டால் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். அம்மாவையும் பையனையும் அங்கே விட்டுவிட்டு, அடுத்த பகுதியிலிருக்கும் சைலானுக்கு நடந்துவிடலாம்.

ஹாலிவுட்டில் மெல்ஸ் டிரைவ்-இன், வாசலில் பழைய அமெரிக்கக் கார்கள். பர்கர் சாப்பிடுகிற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அம்மாவுக்கு அங்கே உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர வேலை இல்லை. டிஸ்கவரி ஃபுட் கோர்ட் உள்ளூர் ருசி பார்க்க நினைக்கும் அசைவர்களுக்கு. ஃபார் ஃபார் அவேயில் கோல்டிலாக்ஸ், பொரித்த கோழி. நியூயார்க்கிலேயே மேசையில் வந்து பரிமாறும் கேடிஸ் கிரில் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க விரும்பும் பெரியவர்கள் மட்டும் போகலாம், விலை அப்படி.

எங்கள் பிரியாணிக் குழப்பம் நடந்ததே இந்த வரிசையை மாற்றிப் போட்டதால்தான். ஒயேசிஸில் ஒரு மணிக்கு நின்று, வயிறு முட்டச் சாப்பிட்டு, நேரே ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ். இன்னொரு முறை போனால் பதினொன்றரைக்குப் பீட்ஸா, மூன்று மணிக்குமேல் கூட்டம் வடிந்ததும் ஒயேசிஸில் ஏதாவது சின்னதாக.

மழை வந்தால்

மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். உடனே மொத்தக் கூட்டமும் மம்மிக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் திரும்பும். முதலில் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு ஓடு என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை போகிறவர்களுக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன்: காலையில் வானம் தெளிந்திருக்கும்போதே பேட்டில்ஸ்டாரை முடியுங்கள், கூரைக்குள் இருப்பதை மதியத்துக்கு வையுங்கள். வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸின் விலை நாளுக்கு நாள் மாறும். பள்ளி விடுமுறை நாளில் பணம் இருந்தால் வாங்கலாம். சாதாரணச் செவ்வாய், புதன்கிழமைக்கு அது தண்டச் செலவு.

மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வரிசைகள் சட்டென்று சுருங்கிவிட்டன. நான் மம்மிக்கு இன்னொரு தடவை போகலாமா என்று பார்த்தேன். பையன் என் கையைப் பிடித்து ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பக்கம் இழுத்தான். பத்து நிமிடத்தில் ஏறி இறங்கிவிட்டோம், வயிறும் இந்த முறை சத்தம் போடவில்லை. அப்புறம் ஹார்பர்ஃபிரண்ட்டில் ஊதா நிற ரயில் ஏறினால் மாறாமலே லிட்டில் இந்தியா, ஐந்தாவது நிறுத்தம். சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸில் அம்மா உட்கார்ந்ததும் கேட்டது தயிர்சாதம்.