பிளஸ் ஒன் குரூப்: எது எதைத் தரும், எதை வாங்கிக்கொள்ளும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பேச்சு ஆரம்பித்துவிடும்: "450-க்கு மேல எடுத்தா பயோ-மேத்ஸ், கொஞ்சம் குறைஞ்சா கம்ப்யூட்டர் சயின்ஸ், மிச்சம் காமர்ஸ்." இது பள்ளிகள் இடத்தை நிரப்பப் போட்ட வரிசை. பிள்ளை எங்கே போகப்போகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

முதலில் பொதுவான கணக்கு. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் எந்த குரூப் எடுத்தாலும் 6 பாடம், 600 மார்க். மொழிப்பாடமும் ஆங்கிலமும் எல்லோருக்கும் உண்டு; மீதி நான்கில்தான் தேர்வு. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத்தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத கணிதம், கணக்குப்பதிவியல் போன்றவற்றில் எழுத்துத்தேர்வே 90.

பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா

இரண்டிலும் கணிதம், இயற்பியல், வேதியியல் அதேதான். நான்காவது பாடம் மட்டும் மாறும்: பயோ-மேத்ஸில் உயிரியல், மற்றதில் கணினி அறிவியல். அந்த ஒரு பாடத்துக்காகத்தான் இத்தனை சண்டை. பொறியியல் கலந்தாய்வில் இடம் தரப் பார்க்கும் கூட்டு மார்க்கான கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியல் பாதியாக 50, வேதியியல் பாதியாக 50. கணிதம் 96, இயற்பியல் 88, வேதியியல் 92 என்றால் 96 + 44 + 46 = 186. உயிரியலோ கணினி அறிவியலோ இந்தக் கணக்கில் வராது. கணிதத்தில் 5 மார்க் போனால் கட்-ஆஃபில் 5 போகும்; இயற்பியலில் 5 போனால் இரண்டரைதான். கட்-ஆஃப் சமமாக இருந்தாலும் முதலில் பார்ப்பது கணித மார்க்கைத்தான்.

ஆகவே, பொறியியல் மட்டுமே குறி என்றால் நான்காவது பாடம் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பதே கேள்வி. உயிரியல் பெயருக்கு ஒரு பாடம், கைக்கு இரண்டு புத்தகம்: உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல். ஒரே வினாத்தாளில் 35-ம் 35-மாக வரும். படம் வரைய வேண்டும், பாகம் குறிக்க வேண்டும், செய்முறைக்குக் கண்ணாடி ஸ்லைடுகளைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்ல வேண்டும். கணினி அறிவியலில் 11-ல் சி++, 12-ல் பைத்தான் என்ற நிரல்மொழிகள். பாடச்சுமை உயிரியலைவிடக் குறைவு. மார்க் போவது பெரும்பாலும் நிரலை மனப்பாடம் செய்பவர்களுக்கு: பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளி ஒன்று பிசகினாலும் நிரல் ஓடாது, எங்கே பிசகியது என்று மனப்பாடக்காரருக்குத் தெரியாது.

இன்னொரு தவறான நம்பிக்கை: கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் பள்ளியில் கணினி அறிவியல் வேண்டும் என்பது. வேண்டியதில்லை. பயோ-மேத்ஸ் பிள்ளைகளும் அதே இருக்கைக்குத் தகுதியானவர்கள்தான். கல்லூரியில் நிரலாக்கத்தை அடியிலிருந்தே தொடங்குவார்கள்.

"பயோ-மேத்ஸ் எடுத்தா இன்ஜினியரிங், மெடிக்கல் ரெண்டு கதவும் திறந்திருக்கும்" என்பது ஏட்டளவில் சரி. ஆனால் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத்தேர்வான நீட் வேறு ஆட்டம். 180 கேள்வி, 720 மார்க். அதில் உயிரியல் 90 கேள்வி, இயற்பியலும் வேதியியலும் 45 வீதம். கணிதத்துக்கு அங்கே இடமில்லை. பொதுத்தேர்வுக் கணிதத்தையும் நீட் உயிரியலையும் சம தீவிரத்தோடு இழுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. பெரும்பாலும் 12-ன் நடுவில் ஒன்று தானாகக் கைநழுவும்.

பயோ-மேத்ஸின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், துணை மருத்துவப் படிப்புகள் பெரும்பாலும் பிளஸ் டூ மார்க்கில் கிடைப்பவை. (சித்தா, ஆயுர்வேதம் அப்படி அல்ல, அவற்றுக்கு நீட் உண்டு.) எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் இவற்றில் ஒன்றுக்குப் போக மனம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் உயிரியல் உங்களுக்கு வெறும் சுமை.

பியூர் சயின்ஸ்

கணிதத்துக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் தனித்தனிப் பாடங்கள். மருத்துவம் தவிர வேறு எண்ணமே இல்லாதவர்களுக்கும், கணிதத்தில் நிஜமாகவே திணறுபவர்களுக்கும் சரி. ஆனால் பொறியியலும் கட்டடக்கலையும் அன்றே அடைபடும். கணிதம் விட்டால் இயற்பியல் எளிதாகும் என்றும் நினைக்க வேண்டாம். வெக்டரும் வகையீடும் அங்கேயும் காத்திருக்கும், கற்றுத்தர கணித வாத்தியார்தான் இருக்க மாட்டார்.

பதினொன்றாம் வகுப்பை யாரும் தாண்டிப் போகக் கூடாது

கணித குரூப்புகளில் சறுக்கல் தொடங்குவது இங்கே. 11-ம் வகுப்புக் கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் எல்லை, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் வருகின்றன. 12-ம் வகுப்புக் கணிதத்தில் மொத்தம் 12 அத்தியாயம். அதில் 7 முதல் 10 வரையிலான நான்கும் இவற்றின் மேல் நிற்பவை. 11-ல் தொகையிடல் பழகாதவர், 12-ல் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் திறந்ததும் உட்கார்ந்துவிடுவார். 11-ம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு 12-ஐ இரண்டு வருடம் நடத்தும் பழக்கத்தை உடைக்கத்தான் 2017-18-ல் 11-க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. எனவே சேர்க்கும்போதே "11-ம் வகுப்புப் பாடம் முழுவதும் நடத்துவீர்களா" என்று நேராகக் கேளுங்கள். நீட்டிலும், ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. நுழைவுத்தேர்விலும் இரண்டு வருடப் பாடமும் வரும்.

காமர்ஸில் நான்காவது பாடம்

வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் நிலையானவை. நான்காவதாக வணிகக் கணிதமும் புள்ளியியலுமா, கணினிப் பயன்பாடுகளா என்பதுதான் முடிவு. பலர் பயந்து இரண்டாவதுக்குப் போகிறார்கள். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) எண்ணம் துளியாவது இருந்தால் வணிகக் கணிதம் எடுங்கள்: சி.ஏ.-வின் முதல்கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனின் 4 தாள்களில் ஒன்று வணிகக் கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும் சேர்ந்தது. பட்டப்படிப்பில் புள்ளியியல் எடுக்கவும் அது உதவும். பி.காம். போதும் என்பவருக்குக் கணினிப் பயன்பாடுகளில் 20 மார்க் செய்முறை ஆறுதல்.

கணக்குப்பதிவியலை எல்லோரும் புதிதாகத் தொடங்குகிறார்கள், அதனால் பத்தாம் வகுப்பு மார்க் இங்கே ஜோசியம் சொல்லாது. முதல் பருவத்தில் பற்று-வரவு விதி புரியாமல் குறிப்பேட்டுப் பதிவை மனப்பாடம் செய்தால், பேரேட்டில் தப்பு தொடரும், இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல்) சமமாகாது, பிழைத் திருத்தப் பாடத்தில் முழுதும் குழம்பும்.

தொழிற்கல்விப் பிரிவை மட்டமாகப் பேசுபவர்களுக்கு ஒரு தகவல்: தகுந்த பாடங்களோடு படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

குரூப் மாற்றம் வேண்டுமென்றால் பள்ளி திறந்த முதல் சில வாரங்களிலேயே கேட்டுவிடுங்கள். தள்ளிப்போனால் காலி இடம் இருக்காது. இருந்தாலும் விடுபட்ட பாடத்தையும் செய்முறை ரெக்கார்டையும் பிள்ளை தனியாக முடிக்க வேண்டிவரும். மாறினால் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துப் புதியவற்றை வாங்குங்கள், வருகைப் பதிவேட்டில் பிரிவு மாறியிருக்கிறதா என்றும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.